மெஷ் வைஃபையில் லேப்டாப் மட்டும் சேரவில்லையா? கோளாறு எங்கே என்று முதலில் பார்ப்போம்

போனில் வீடியோ ஓடுகிறது, டிவியும் ஓடுகிறது, லேப்டாப் மட்டும் இணைய மறுக்கிறது. உடனே மெஷ் யூனிட்டின் ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்தப் பலருக்கும் கை போகும். தயவுசெய்து வேண்டாம். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் திரும்பச் சேர்க்க வேண்டி வரும். கோளாறு லேப்டாப்பில் இருந்தால் அது அப்படியே இருக்கும். எங்கே தடைபடுகிறது என்று தெரிந்த பிறகு கை வைத்தால் போதும்.

மெஷ் என்பது பல யூனிட்கள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்பும் அமைப்பு. அதில் ஃபைபர் பெட்டியோடு கேபிளில் இணைந்த முதன்மை யூனிட் ஒன்று, மற்ற அறைகளில் துணை யூனிட்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை பெயர். எந்த யூனிட்டோடு சேர்வது என்பதைப் பெரும்பாலும் லேப்டாப்தான் முடிவு செய்கிறது. பாதிச் சிக்கல்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் சேருங்கள். அதிலும் சேரவில்லை என்றால் சந்தேகம் லேப்டாப்பின் மேல்தான். ஏரோப்ளேன் மோட் போட்டிருக்கிறதா, கீபோர்டில் வைஃபை பட்டன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துவிட்டால், லேப்டாப்பை முதன்மை யூனிட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முயலுங்கள். அங்கே வேலை செய்து, மாடி அறையில் செய்யவில்லை என்றால் நேராகப் படி 4-க்குப் போகலாம்.

படி 2: பழைய நினைவை அழியுங்கள்

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய், உங்கள் வைஃபை பெயருக்கு எதிரே ஃபர்கெட் கொடுங்கள். அப்புறம் கடவுச்சொல்லைப் புதிதாக அடித்துச் சேருங்கள். பழைய ரவுட்டரின் பெயரையே மெஷ்ஷுக்கும் வைத்த வீடுகளில் இது பல நேரம் போதும்.

அதே வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி தன் சொந்த வைஃபையை அதே பெயரில் இன்னும் பரப்பிக்கொண்டிருக்கலாம். லேப்டாப் மெஷ்ஷை விட்டு அதைத் தேடிப் போகும். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

படி 3: லேப்டாப் என்ன சொல்கிறது?

வைஃபை பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால், பழைய டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம். சில பழைய இன்டெல் வைஃபை கார்டுகள், டிரைவர் புதுப்பிக்கப்படாத வரை வைஃபை 6 நெட்வொர்க்கைக் காட்டவே காட்டாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்குங்கள். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் லேப்டாப்புக்கு நெட் கிடைத்துவிடும். உங்கள் லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் பிடிக்கும் பழைய வகையா என்பதையும் பாருங்கள். அப்படியானால் மெஷ் ஆப்பில் அந்த அலைவரிசை இயங்க வேண்டும்.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் இணைக்க முடியவில்லை என்கிறதா? நான் முதலில் பார்ப்பது பாதுகாப்பு முறையைத்தான். மெஷ் முழுக்க டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையில் இருந்தால் பழைய லேப்டாப்கள் திணறும். மெஷ் ஆப்பில் டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் டபிள்யூபிஏ2 மட்டும். அடுத்து ஃபாஸ்ட் ரோமிங் என்ற வசதி. யூனிட் விட்டு யூனிட் சீக்கிரம் தாவுவதற்காக வந்தது. சில பழைய கார்டுகளுக்கு அது ஒத்துவராது. அணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும்.

இணைந்துவிட்டது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று வந்தால், வைஃபை பக்கத்தில் உங்கள் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஐபிவி4 முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் மெஷ்ஷிடமிருந்து லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். ஃபைபர் பெட்டியை அணைத்துப் போட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். பிறகு முதன்மை யூனிட், கடைசியில் துணை யூனிட்கள், லேப்டாப். முகவரி 192.168 போலச் சரியாக இருந்தும் நெட் இல்லையா? அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் ஆட்டோமேட்டிக்காக இருக்கிறதா, அலுவலக விபிஎன் ஓடுகிறதா, பிள்ளைகளுக்காகப் போட்ட நேரக் கட்டுப்பாட்டில் இந்த லேப்டாப்பும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: துணை யூனிட்டின் இடம்

நெட் வராத அறையிலேயே துணை யூனிட்டை வைப்பது மிகவும் பரவலான தவறு. அந்த யூனிட்டுக்கே சிக்னல் வராவிட்டால் அது லேப்டாப்புக்கு எதைக் கொடுக்கும்? முதன்மை யூனிட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே வையுங்கள். கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் ஃப்ரிட்ஜும் சிக்னலை நன்றாகவே தடுக்கும். பீரோவின் மேல் ஏற்றி வைப்பதைவிட மாடிப்படித் திருப்பத்தில் வைப்பது மேல். இரண்டு யூனிட்டுக்கும் கேபிள் இழுக்க வழி இருந்தால் தயங்காமல் இழுத்துவிடுங்கள். இதைவிட நல்ல தீர்வு கிடையாது.

பக்கத்து யூனிட் இருக்கும்போதே லேப்டாப் தூரத்து யூனிட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் ரோமிங் அக்ரெஸிவ்னெஸ் என்று சில கார்டுகளில் இருக்கும். அதை ஒரு படி கூட்டுங்கள். லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் மட்டும் நெட் போகிறது என்றால், பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால் அதில் மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

படி 5: கடைசி வழி

அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட். இது லேப்டாப்பை மட்டும்தான் தொடும், ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், விபிஎன் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டி வரலாம். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் கேட்காமல் செய்யாதீர்கள். இதற்குப் பிறகும் மெஷ் யூனிட்டிலிருந்து லேன் கேபிளில் செருகினால் நெட் வந்து, வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால், வைஃபை கார்டே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப்பைத் திறந்து கார்டை மாற்றும் முன், ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகிப் பாருங்கள்.