தனுஷ்கோடிப் பள்ளிக்கூடச் சுவரில் சாயாதீர்கள்

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடிக்குப் போகிறவர்களில் பலர் தேவாலயத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பழைய பள்ளிக்கூடத்தின் மொட்டைச் சுவர்களும் அங்கேதான் நிற்கின்றன, அவசியம் பாருங்கள். ஆனால் சாயவோ ஏறவோ வேண்டாம். அங்குள்ள பழைய கட்டடங்களில் பவளக்கல்லும் சுண்ணாம்பும்தான் அதிகம். உப்புக்காற்று அறுபது வருடமாகக் காரையை அரித்திருக்கிறது; கை வைத்தால் பொடியாக உதிரும். ஜன்னல் இருந்த ஓட்டையில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நிழலுக்காகச் சுவரோரம் ஒதுங்காமல் குடை எடுத்துப் போங்கள். மணலுக்குள் கண்ணாடிச் சில்லு கிடக்கலாம், அதனால் செருப்பைக் கழற்றாதீர்கள். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். உதிர்ந்த கல்லை ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள்.