சென்சார் நோடுகளுக்கு ஒயர் இல்லாமல் சார்ஜ்: எதற்கு முதலில்?

எட்டாத இடத்தில் சென்சாரைப் பொருத்திவிட்டு, பேட்டரி மாற்ற ஒவ்வொரு பெட்டியாகத் திருகு கழற்றியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். பெட்டிக்குள் ஒரு ரிசீவர் காயிலை வைத்து, வெளியே சார்ஜிங் பேடைப் பிடித்தால் மூடியைத் திறக்காமலே சார்ஜ் ஏற்றலாம். பழகிப் பார்க்க இரண்டு மூன்று இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) நோடுகள் போதும். நோடு என்றால் சென்சார், போர்டு, பேட்டரி சேர்ந்த ஒரு பெட்டி.

1. முதலில் கணக்கு

நோடு 10 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 3 விநாடி 120 மில்லிஆம்பியர் இழுக்கிறது, தூக்கத்தில் 0.05 என்று வைத்துக்கொள்வோம். சராசரி சுமார் 0.65 மில்லிஆம்பியர். 1000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் 800-ஐ மட்டும் நம்பினால் 51 நாள் ஓடும். (போர்டில் பவர் எல்இடி எரிந்துகொண்டே இருந்தால் இந்தக் கணக்கு காலி. கழற்றிவிடுங்கள்.)

2. இணைப்பு

'சீ' (Qi) ரிசீவர் 5 வோல்ட் தரும். (போன்களை ஒயர் இல்லாமல் சார்ஜ் செய்யும் முறையின் பெயரே அதுதான், யாரையும் திட்டவில்லை.) அதை டிபி4056 சார்ஜிங் போர்டின் உள்ளீட்டில் கொடுங்கள். பேட்டரி பி+, பி- பேடுகளில். சறுக்கல் இங்கேதான். அந்த போர்டு வழக்கமாக 1 ஆம்பியர் கேட்கும். சின்ன ரிசீவருக்கு அது தாங்காது. வோல்டேஜ் சரிந்து, சார்ஜ் விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். போர்டில் உள்ள 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 3 கிலோஓம் வையுங்கள், 400 மில்லிஆம்பியருக்கு இறங்கிவிடும்.

3. காயில்

ரிசீவரின் காயிலை பிளாஸ்டிக் பெட்டியின் உட்சுவரில் ஒட்டி, அதன் நடுப்புள்ளியை வெளியே பேனாவால் குறித்துவிடுங்கள். சுவர் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். உலோகப் பெட்டி என்றால் சுழல் மின்னோட்டத்தில் தகடுதான் சூடாகும். தள்ளி நின்றே ஏற்ற முடியாதா? 2007-இல் எம்ஐடி குழு 2 மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவைத்தது உண்மைதான். ஆனால் அந்தக் காயில்களின் அகலம் 60 சென்டிமீட்டர்!

4. யாருக்கு முதலில்?

சார்ஜிங் பேடும் பவர்பேங்க்கும்தான் ஒவ்வொரு நோடாகப் போய் சார்ஜ் ஏற்றும் உங்கள் 'சார்ஜர் வண்டி'. ஆரம்பத்தில் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாலே போதும். சரி, ஒரு நோடில் 40 சதவீதம், இன்னொன்றில் 20. இரண்டாவதிடம் ஓடத் தோன்றும். ஆனால் முதல் நோடு பேஸ் ஸ்டேஷனுக்கு (எல்லாத் தகவலும் போய்ச் சேரும் இடம்) பக்கத்தில் உட்கார்ந்து மற்றவற்றின் தகவலையும் கடத்துவதால் 2 மில்லிஆம்பியர் தின்கிறது: 1000-இல் 40 சதவீதமான 400 எம்ஏஎச்சை 2-ஆல் வகுத்தால் 200 மணி நேரம். இரண்டாவது 0.4 மட்டுமே, 200 எம்ஏஎச்சில் 500 மணி நேரம் தாங்கும். சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மிச்சமிருக்கும் மணியைப் பாருங்கள். அதை நோடே கணக்கிட்டு ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பும்படி எழுதிவிடுங்கள்.

அப்புறம், ஒரு நோடுக்கு முழு சார்ஜ் ஏற 3 மணி நேரமாவது ஆகும். வரிசையில் முன்னால் நிற்பவற்றின் சார்ஜ் நேரத்தையும் நடையையும் கூட்டிப் பார்த்து, கடைசி நோடின் மிச்ச மணி அதற்குக் கீழே இறங்கும் முன் கிளம்பிவிட வேண்டும்.