வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்காக 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்துவது எப்படி

இலங்கையின் வன்னியில் மாற்றுத்திறனாளி என்றதும் போரில் காலையோ கண்ணையோ இழந்தவரே பலரின் நினைவுக்கு வருகிறார். அதனால் ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம் போன்ற நிலைகளோடு வளரும் பிள்ளைகளின் பெற்றோர், சட்டம் தங்களுக்கும் உரியது என்பதை அறியாமலே பிரதேச செயலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்புகின்றனர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையை மட்டும் பேசவில்லை. உடல் ஆற்றலிலோ உள ஆற்றலிலோ உள்ள குறைபாட்டால், அது பிறவியிலேயே வந்திருந்தாலும் பின்னர் ஏற்பட்டிருந்தாலும், வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாத எவரும் அதன் வரைவிலக்கணத்துள் அடங்குவர். 'பகுதியாகவோ' என்ற அந்தச் சொல்லை நன்றாக நினைவில் வைத்திருங்கள். பிள்ளை நடக்கிறான், ஓடுகிறான், ஆகவே அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்று எவரேனும் சொன்னால் அதற்கு விடை அச்சொல்லில் இருக்கிறது.

எனவே முதல் வேலை மருத்துவச் சான்றிதழ். நோயின் பெயரை மட்டும் எழுதிய சான்றிதழ், அதைப் படிக்கும் அலுவலருக்குப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்லாது. மருத்துவமனைக்குச் செல்வதற்கு முன் ஒரு வாரமேனும் கொப்பி ஒன்றில் குறித்து வாருங்கள்: சாப்பிட, உடுத்த, மலசலகூடம் செல்ல எவ்வளவு உதவி தேவைப்படுகிறது, தன் தேவையைச் சொல்ல முடிகிறதா, வீதியைத் தனியே கடக்க விட முடியுமா, இரவில் யார் விழித்திருக்கிறார்கள். பிள்ளையின் இயலாமையை ஒவ்வொன்றாக எழுதுவது பெற்ற மனத்துக்கு வலிக்கும். ஆயினும் மருத்துவர் அவற்றைச் சான்றிதழில் சேர்த்தால்தான் பிள்ளையின் நிலை சட்டத்தின் வரைவிலக்கணத்தோடு பொருந்துவது எவருக்கும் தெளிவாகும்.

அடுத்து, சமூக சேவை உத்தியோகத்தரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நின்றுவிடாமல், தேவையான உதவியைக் குறிப்பிட்டுக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். தமிழிலேயே எழுதலாம், வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழியாதலால் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாள்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

பாடசாலை அனுமதி மறுக்கப்பட்டால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உதவும். குறைபாட்டைக் காரணமாகக் காட்டி வேலைவாய்ப்பிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. மீறினால் 24ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்றத்தை நாடலாம். மறுப்பை எழுத்தில் தர அதிபர் தயங்கினால், அன்றே நீங்கள் அவருக்கு எழுதுங்கள்: இன்ன திகதியில் இன்ன காரணம் கூறி அனுமதி மறுக்கப்பட்டது, இது சரியா என்று. பிரதி ஒன்று வலயக் கல்விப் பணிமனைக்கும் போகட்டும். ஆனால் அனுமதி கிடைத்துவிட்டால் விசேட கல்வி ஆசிரியரும் கிடைத்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். அச்சட்டம் பாகுபாட்டைத் தடுக்கும் அளவுக்குச் சேவையை உறுதிப்படுத்தவில்லை என்பது என் கருத்து. ஆசிரியருக்கான கோரிக்கையைத் தனிக் கடிதமாகவே எழுத வேண்டும்.

காலக்கெடுவில் கவனம் வேண்டும். அரச அலுவலகம் ஒன்று அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அக்கெடுவில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் உள்ளது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். இரு இடங்களுக்கும் மூலப் பிரதிகளைக் கொடுக்காமல் நிழற்படப் பிரதிகளையே கொடுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டை அந்தந்தக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.