வேலிச் சண்டை மத்தியஸ்த சபைக்கு வந்தால்

வேலிக்கு நட்ட கதியாலை (உயிர்வேலித் தடியை) மாற்றும்போது வேலி ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது என்று வாய்த்தர்க்கம் தொடங்கும். ஒருவர் மண்வெட்டிப் பிடியைத் தூக்கினால் அது பொலிஸ் முறைப்பாடாகிவிடும். இப்படியான அடிபிடி, அத்துமீறல், அச்சுறுத்தல் பலவற்றை முதலில் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்க இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. ஊரில் இன்னும் பலர் இதை இணக்கசபை என்பார்கள். "அங்கை போனால் விட்டுக்குடுக்கத்தான் சொல்லுவினம்" என்ற நினைப்போடுதான் வருவார்கள். புதிய மத்தியஸ்தர் முதலில் மாற்றவேண்டியது அதைத்தான்.

இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தலைவராக எடுப்பார்கள். மத்தியஸ்தரான நீங்கள் ஒரு தரப்புக்கு உறவென்றால் விலகிக்கொள்ளுங்கள். சட்டத்தரணி வந்து வாதாட முடியாது என்பதையும், இங்கே சொன்னதைப் பிறகு நீதிமன்றில் சாட்சியமாக்க முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டபிறகுதான் பலருக்கு வாய் திறக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கதிரை போடுங்கள். சாதியோ பணமோ இருக்கையில் தெரிந்தால் மற்றவர் தலையாட்டிவிட்டுப் போவார், இணங்கமாட்டார்.

அடிவாங்கியவரை முதலில் பேசவிடுங்கள், இடையில் யாரும் குறுக்கிடக்கூடாது. மருந்துச் செலவு, போன நாட்கூலி, பிள்ளையைக் கிணற்றடிக்கு அனுப்பப் பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பிறகு அடித்தவரிடம், தான் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவசரப்பட்டு "கைகுடுத்துச் சமாதானமாப் போங்கோ" என்று முடித்தால் அடுத்த மழைக்குள் சண்டை திரும்பி வரும்.

இரு தரப்பும் சம்மதித்தால் வேலியடிக்கே போங்கள். பழைய கதியால் அடிக்கட்டை, எல்லைக்கல், நில அளவை வரைபடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் பற்றிய வரியை உரக்க வாசியுங்கள். வேலிச் சண்டை என்று வந்தது பல தடவை கிணற்றுக்குப் போகும் வழிச் சண்டையாகத்தான் இருக்கும்.

பேச்சுக்கு ஊராரைக் கூப்பிடுவதென்றால் தரப்புக்கு இரண்டு பேர் போதும். சத்தம் போடுபவர் வேண்டாம், அவர் சொன்னால் இவர் கேட்பார் என்ற ஆளாக இருக்கட்டும். மன்னிப்புக் கேட்பவர் செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். "ஏதாவது பிழை நடந்திருந்தால்" என்பது மன்னிப்பல்ல.

இணக்கத்தை எழுதும்போது யார், எதை, எந்தத் திகதிக்குள் என்று எழுதுங்கள். "வேலியைச் சரிசெய்வார்" என்றால் பிழைக்கும். "எல்லைக்கல்லுக்கு நேராகக் கதியால் நடுவார், கூலி அவருடையது, திகதி இது" என்றால் நிற்கும். அந்தத் திகதியில் ஒருவர் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

கணவன் மனைவியை அடித்த விடயத்தையோ பாலியல் வன்முறையையோ ஊர்ச் சமாதானத்துக்காக இப்படி உட்கார்த்திப் பேசவேண்டாம். வீட்டு வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

மற்றவற்றில் பேச்சு முறிந்தால் இழுத்தடிக்காமல், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால்தான் அவர்கள் நீதிமன்றம் போகலாம்.