பிறப்புக் கணக்கில் வேலூர்க்காரர்கள் சறுக்கும் இடங்கள்

“வேலூர் மாவட்டத்துல புள்ள பொறக்கறதே பாதியா கொறஞ்சுபோச்சுப்பா” என்று 2018, 2020 கணக்குகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யாராவது சொன்னால் உடனே கவலைப்பட வேண்டாம். 2011 சென்சஸில் 39 லட்சம் பேர் இருந்த மாவட்டம் அது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் இப்போது திருப்பத்தூர்க் கணக்கில். ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டையில். 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்ததையும் மறந்துவிட்டுத்தான் பலர் பழைய கணக்கை எடுக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல், பிறப்புப் பதிவை வைத்துப் பிறப்பு விகிதம் போடுவது. பிறப்பு, நடந்த ஊரில் பதிவாகும். தாய் எங்கே குடியிருக்கிறாள் என்பது அதற்குப் பொருட்டில்லை. சென்னையில் குடித்தனம் நடத்தும் குடியாத்தத்துப் பெண், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். குழந்தை குடியாத்தத்தில் பதிவாகிறது. சில மாதத்தில் இருவரும் சென்னைக்கே போய்விடுகிறார்கள். சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருபவர்கள் கதையும் இதுதான். வகுபடும் எண்ணில் குழந்தை உண்டு, வகுக்கும் எண்ணில் தாய் இல்லை. மாதிரிப் பதிவுத் திட்டமும் தேசியக் குடும்பநல ஆய்வும் வீட்டுக்கே போய்க் கணக்கெடுப்பதால், விகிதத்துக்கு அவற்றைப் பார்ப்பதே சரி.

அடுத்து, எந்த விகிதம்? ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இத்தனை பிறப்பு என்பது ஊரின் வயதைப் பொறுத்தது. இளம் குடும்பங்கள் பெங்களூருக்குப் போய்விட்ட கிராமத்தில், வீட்டுக்கு இரண்டு பிள்ளை இருந்தாலும் அது குறைந்தே தெரியும். ஒரு பெண்ணுக்குச் சராசரி எத்தனை குழந்தை என்ற மொத்தக் கருவள விகிதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது தமிழ்நாட்டில் 1.8, இந்தியாவில் 2.0, பீகாரில் 3.0.

பிறப்பு குறைந்ததற்குக் காரணம் மலட்டுத்தன்மை என்பது, நெடுஞ்சாலை ஓரத்துக் கருத்தரிப்பு மைய விளம்பரப் பலகைகளைப் பார்த்து வரும் முடிவு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதாவது, போதும் என்று முடிவெடுத்து நிறுத்தியவர்கள். ஆண்கள் அந்த ஆபரேஷன் பக்கமே வருவதில்லை என்பது வேறு விஷயம். குழந்தையின்மை இருக்கிறது, 35 வயதுக்குப் பிறகு கருத்தரிப்பு கடினமாகவும் ஆகிறது. ஆனால் அந்தத் தம்பதிகளிலும் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கும். எளிய விந்துப் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளி, பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடுவது அநியாயம்.

படிப்பு ஒன்றே காரணம் என்பதும் அரைகுறை. காட்பாடி தாண்டினால் ஆந்திரம். 2011-இல் அங்கே பெண்கள் எழுத்தறிவு 59 சதவீதம்தான், நாட்டுச் சராசரியை விடக் குறைவு. ஆனாலும் கருவள விகிதம் 1.7-க்கு இறங்கியது, சிறு வயதிலேயே இரண்டு பெற்று ஆபரேஷன் முடித்துக்கொள்ளும் வழக்கம் அதற்குப் பெரிய காரணம். மதத்தைக் காரணம் காட்டுபவர்களுக்கு: 1992-93-இல் இந்திய முஸ்லிம் பெண்களுக்கு 4.4 ஆக இருந்த கருவள விகிதம் 2019-21-இல் 2.4.

தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்ற பாட்டி சொல் மக்கள்தொகைக் கணக்குக்குப் பொருந்தும். தாய்ப்பால் பிறப்பு இடைவெளியைக் கூட்டத்தான் செய்கிறது. ஒரு பெண் தனக்கென அதை நம்ப மூன்றும் சேர வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் வேறு கருத்தடை வேண்டும்.