டோரோவீப் முனைக்குக் காரில் சென்று கூடாரமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் வடமேற்குப் பகுதியில், டோரோவீப் என்ற பாறை முனை இருக்கிறது. அங்கே நின்று குனிந்தால் கொலராடோ ஆறு ஏறத்தாழ 3,000 அடி நேர்கீழே ஓடுவதைப் பார்க்கலாம். படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் செங்குத்தான விளிம்பை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் பயணத்தைக் கெடுப்பது அநேகமாக விளிம்பு அல்ல, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் மண் சாலைதான். அந்தச் சாலையில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தார்ச்சாலையை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

முதல் தவறு, பூங்காவின் பெயரை மட்டும் வழிகாட்டிச் செயலியில் இட்டுவிட்டுப் புறப்படுவது. பூங்காவின் பெயர் பெற்ற தென்விளிம்பும் வடவிளிம்பும் டோரோவீப்பிலிருந்து பல மணிநேரப் பயணத் தொலைவில் உள்ளவை. ஒரே பூங்கா என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் போய்விடலாம் என்று எண்ணக் கூடாது. ஃப்ரிடோனியா என்ற சிற்றூருக்கு மேற்கே, 389ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே பிரியும் சன்ஷைன் வழிதான் பலரும் தேர்ந்தெடுப்பது. அதன் நீளம் 61 மைல், அதாவது ஏறத்தாழ 98 கிலோமீட்டர். யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரிலிருந்து செயலி காட்டக்கூடிய மற்றொரு வழி ஏறத்தாழ 90 மைல் நீளமுள்ளது. இடையில் மலைப்பகுதி வழியாகச் செல்வதால் குளிர்காலத்தில் அங்கே பனி மூடிக்கிடக்கும். செல்பேசி அலைவரிசை வழியில் அற்றுப்போகும் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வதோடு காகிதப் படம் ஒன்றையும் வைத்திருப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது டயர். வருகிறவர்களில் நால்வரில் ஒருவருக்காவது டயர் பஞ்சராகிறது என்று பூங்கா நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. சாலையின் முற்பகுதி சமமாகவும் அகலமாகவும் இருப்பதால், வண்டியை உதறும் சிறு வரப்புகளின் மேல் வேகமாகப் போனால் குலுக்கல் குறைகிறது என்பதை ஓட்டுபவர்கள் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள். ஆனால் அந்த வேகத்தில் கூரிய கல் கண்ணில் படுவதற்குள் டயர் அதன் மேல் ஏறிவிடுகிறது. நகர்ப்புறச் சாலைக்கென்று செய்யப்பட்ட டயர்களின் பக்கச்சுவர் மெல்லியது. அங்கே கிழிந்தால் கையிலிருக்கும் பஞ்சர் ஒட்டும் பெட்டியால் பயனில்லை, ஸ்டெப்னியைத்தான் மாட்ட வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றில் முழு அளவு ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒல்லியான தற்காலிகச் சக்கரமே தரப்படுகிறது. அவ்வகைச் சக்கரத்தை 50 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை, அதுவும் நல்ல சாலைக்குச் சொல்லப்பட்டது. 61 மைல் கல்லும் மண்ணும் கிடக்கும் வழிக்கு அதை நம்பிப் போவது கணக்கிலேயே இடிக்கிறது.

ஆகவே முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும், இரண்டு இருந்தால் மிகவும் நல்லது. அதைக் கழற்றி மாட்டும் கருவிகள் எல்லாம் வண்டியிலேயே இருக்கின்றனவா என்பதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். திருட்டைத் தடுக்கும் நட்டுகள் பொருத்திய சக்கரங்களுக்குத் தனிச் சாவி தேவைப்படும், அது இல்லையென்றால் ஸ்டெப்னி இருந்தும் வீண். பொடிமண்ணில் ஜாக்கி புதைந்துபோகும் என்பதால் அதற்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகைத் துண்டும், காற்றடிக்கும் சிறு கருவியும் உடன் வேண்டும். இழுவை வண்டியை வரவழைத்தால் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல, தார் இல்லாத சாலையில் ஓட்டுவதையே தடை செய்கின்றன என்பதால் அந்தச் செலவு முழுவதும் நம் தலையில்தான் விழும்.

வண்டியின் உயரமும் முக்கியம். வனக் காவலர் நிலையம் வரை சாதாரணக் காரில் வந்தவர்கள், கடைசிச் சில மைல்களில் படிக்கட்டுப்போல் எழும் பாறைகளில் அடிப்பகுதியை இடித்துக்கொள்கிறார்கள். 22 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு, பின்னால் இழுத்துவரும் வண்டியையும் சேர்த்து, அனுமதியே இல்லை.

அனுமதியை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது மற்றொரு தவறு. கூடாரமிடும் இடங்கள் பத்து அளவிலேயே உள்ளன. அவற்றுக்கான அனுமதி முன்கூட்டியே பெறப்பட வேண்டும், அந்த இடத்தில் தரப்படுவதில்லை. பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் இப்போது முன்பதிவு செய்தாக வேண்டும். அரிசோனா கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அண்டை மாநிலமான யூட்டா மாற்றுகிறது. எல்லையோரத்தில் செல்பேசி யூட்டா நேரத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், மணியை நம்பாமல் சூரியனை வைத்துக் கணக்கிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச்சேருவது பாதுகாப்பானது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். ஒரு மணிநேர மழையில் இந்தச் சாலையின் களிமண் வழுக்கும் சேறாகிவிடுகிறது. நான்கு சக்கர இயக்கம் இருக்கிறது என்ற துணிவில் நுழைகிறவர்கள் தாமும் சிக்கி, சாலையையும் ஆழமாக உழுதுவிடுகிறார்கள். வானிலை அறிக்கையில் மழை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. வழியிலேயே மழை பிடித்துக்கொண்டால், சாலை காயும்வரை ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் அளவுக்கு உணவும் தண்ணீரும் இருக்க வேண்டும். அங்கே குடிநீர்க் குழாயோ கடையோ பெட்ரோல் பங்கோ கிடையாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு, கோடையில் அது போதாது. ஃப்ரிடோனியாவிலேயே டாங்கை நிரப்பிவிட வேண்டும்.

விளிம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாறை ஓரத்தில் பெரும்பாலும் தடுப்பு எதுவும் கிடையாது, காற்று திடீரென்று வேகமெடுக்கும், படமெடுப்பவர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நகரக் கூடாது, குழந்தைகளைக் கைப்பிடியிலிருந்து விடக் கூடாது. ஆற்றில் மேற்குப் பக்கமாக லாவா ஃபால்ஸ் என்ற இடத்தில் பாறைகளின் மேல் சீறிப் பாயும் நீர் இரையும் ஓசை அவ்வளவு உயரத்திலும் கேட்கும், அதைப் பார்க்க எட்டிக் குனிய வேண்டியதில்லை.

விறகோ கரியோ கொண்டு தீ மூட்டுவது அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது, எனவே சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பைக் கொண்டுபோக வேண்டும். கூடார இடத்தைச் சுற்றி மண்ணின் மேல் கருத்த, முண்டுமுண்டான படலம் ஒன்று தென்படும். அது நுண்ணுயிர்களால் ஆன உயிருள்ள மேலோடு. ஒரு காலடியில் நொறுங்கினால் மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும், ஆகையால் பாறை மேலோ ஏற்கெனவே உள்ள தடத்திலோ மட்டுமே நடக்க வேண்டும்.

புறப்படும் முன், எந்த வழியாகப் போகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்குள் தார்ச்சாலைக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் கடந்தும் தகவல் வரவில்லையென்றால் அவர் அழைக்க வேண்டிய பூங்கா அலுவலகத்தின் எண்ணும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.