புதிய அனுபவம் தேடிப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எழுத்து வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும், 'வெளியே போய் ஏதாவது புதிதாகச் செய்து பாருங்கள்' என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதைக் கேட்டவுடன் பலர் மலையேற்றத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பணம் சேரும்வரை எழுத்துக்கும் விடுமுறை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஆம்ஹர்ஸ்ட் ஊரிலிருந்த வீட்டைவிட்டு வெளியே வருவதையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டவர். அவர் எழுதிய கவிதைகள் ஏறத்தாழ 1,800. தோட்டத்துத் தேனீயே அவருக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. வழக்கமாக இறங்கும் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி நடப்பதும் புதிய அனுபவம்தான். செலவில்லை என்பதால் நாம் அதை மதிப்பதில்லை.

நான் அதிகம் காணும் தவறு வேறு. தடுமாறும் கட்டத்தை எப்படியாவது தாண்டிவிட வேண்டும் என்று பறப்பது, அல்லது வெட்கப்பட்டு அங்கேயே விட்டுவிடுவது.

மண்பாண்டம் வனையக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், சக்கரத்தில் வைத்த களிமண் எனக்கு நடுவில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் உள்ளங்கையை ஒருமுறை இடித்துவிட்டுப் போனது. சேற்றுநீர் முழங்கை வழியாக மடியில் சொட்டியது. "கையால் மல்லுக்கட்டாதீர்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்போடு சாயுங்கள்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். சாய்ந்தேன், மண் பிய்த்துக்கொண்டு ஓரத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்த சிறுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு இரண்டு பக்கம் எழுதினேன். ஆறாவது வாரம் கிண்ணம் ஒழுங்காக வந்தது. அன்றைய குறிப்பு: 'கிண்ணம் வந்தது.' அவ்வளவுதான். கை பழகியதும் கண் தூங்கப் போய்விடுகிறது. ஆகவே முதல் நாளிலேயே ஓடிவிடுகிறவர்கள் இழப்பது கிண்ணத்தை மட்டுமல்ல.

அடுத்தது கைபேசி. அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை வைத்து உளவியலாளர் லிண்டா ஹென்கல் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. பொருளை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவற்றைவிடப் படமெடுத்தவை குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. நெருக்கி எடுக்க வேண்டுமானால் எதை என்று பார்த்தாக வேண்டுமல்லவா? படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிளம்பும்போது எடுங்கள்.

குறிப்பெழுதுவதை வார இறுதிக்குத் தள்ளுவதும் கெடுதல். 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. வாழ்க்கை அசைப் பட்டியல் அல்ல என்பது உண்மை. இருந்தாலும் ஒருவர் சொன்ன சொல்லின் சரியான வடிவம், ஒரு வாடை, எதிரே இருந்தவர் உட்கார்ந்திருந்த விதம் ஆகியவை மறுநாளே மங்கிவிடுகின்றன. 'அற்புதமாக இருந்தது' என்று குறித்து வைப்பதும் வீண். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் எது அற்புதம் என்று உங்களுக்கே தெரியாது. கையில் பட்டது, காதில் விழுந்தது, எங்கே அசடு வழிந்தீர்கள், இவை போதும். கதையை அன்றே எழுதி முடிக்க முனைய வேண்டாம். சூட்டோடு குறிப்பு, ஆறியபின் கதை.

சொல்லிக்கொடுப்பவரையும் உடன் கற்பவர்களையும் கதாபாத்திரங்களாகவே பார்த்துக்கொண்டிருப்பது நாகரிகமல்ல. அவர்களுக்கும் அது தெரிந்துவிடும்.

எழுத்தாக மாறாத அனுபவத்தை நஷ்டக் கணக்கில் சேர்ப்பவர்களும் உண்டு. நான் நீச்சல் கற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. வாரத்தில் மூன்று நாள் நீந்துகிறேன்.